காண்போரும் சுமப்போரும்: பெரும்பணிக் காட்சியும் மருட்கை என்னும் மெய்ப்பாடும்

பெரும்பணி ஒன்று நடைபெறும் இடத்தில் மக்கள் கூடி நின்று காண்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமாகும். அணை எழும் ஆற்றங்கரையிலும், பாலம் நீளும் கடலோரத்திலும் வேலை செய்வோர் ஒருபுறம் இருக்க, வேலையைப் பார்ப்போர் மற்றொரு புறம் நிற்பர். இக்காட்சி தமிழ் இலக்கியத்தில் பலகால் பாடப்பெற்றுள்ளது. ஆயின், பாடிய புலவர்கள் காண்போனை எவ்விடத்தில் நிறுத்தினர், அவனிடம் எதனை எதிர்நோக்கினர் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எம் கருத்து. இத்தகைய பகுதிகளை 'உயர்வு நவிற்சி' என்றோ 'கற்பனை நயம்' என்றோ பெயரிட்டு மேற்செல்வது நம் திறனாய்வில் பெருவழக்காயிற்று. அவ்வழக்கு பாடல்களின் உட்கிடையை மறைத்துவிடுகின்றது என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

இவ்வாய்வைக் குரோம்பேட்டையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. இவ்வூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் 1931-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது. புகையும் கரியுமின்றித் தலைக்குமேல் ஓடும் கம்பியின் ஆற்றலால் வண்டி செல்வது அன்று காணத்தக்க புதுமையாக இருந்தது. இன்று அப்பாதையின் அருகே நிற்போர் வண்டியைக் காண்பதற்காக நிற்பதில்லை. வண்டி கடந்து வழி கிடைப்பதற்காக நிற்கின்றனர். முன்பு புதுமையாக இருந்தது இன்று தடையாகிவிட்டது.

இதே பாதையில் தென்திசை நோக்கிச் சென்றதே 'போட் மெயில்' என்னும் விரைவு வண்டி. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின் அவ்வண்டி தனுஷ்கோடித் துறைவரை சென்றது. அங்கிருந்து பயணிகள் கப்பல் ஏறித் தலைமன்னார் சேர்ந்தனர். அப்பாதையின் மறுகோடியாகிய பாம்பனில் நாம் காண்பது வேறொரு காட்சி. 1988-இல் திறக்கப்பெற்ற சாலைப்பாலத்தின்மேல் செல்வோர் வண்டியை நிறுத்திக் கீழே நோக்குகின்றனர். கடல்மேல் இரயில் ஊர்வதையும், கலம் செல்லப் பாலம் வழிவிடுவதையும் கண்டு நிற்கின்றனர். ஒரே பாதையின் ஒரு முனையில் வியப்பு மாய்ந்தது. மறுமுனையில் அது வாழ்கின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? விடை தேடுவார்க்குத் தொல்காப்பியரே முதல் துணையாவார்.

மருட்கையின் நிலைக்களன்

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறிய தொல்காப்பியர், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வரையறுத்தார். அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. அது தோன்றும் இடங்களாக அவர் கூறுபவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு. முன் காணாததைக் கண்டு வியத்தல் புதுமை. அளவிற் பெரியதைக் கண்டு வியத்தல் பெருமை. நுண்ணியதைக் கண்டு வியத்தல் சிறுமை. ஒன்று வேறொன்றாக மாறுதலைக் கண்டு வியத்தல் ஆக்கம். இவ்வாறு உரைவழி நின்று பொருள் கொள்ளலாம்.

இந்நான்கினும் இரு செய்திகள் நம் கருத்திற்கு உரியன. முதலாவது, பெருமையோடு சிறுமையையும் வியப்பின் காரணமாக அவர் ஒப்ப வைத்தமை. பெரும்பணியைக் காணச் செல்வோர் பெருமையையே தேடிச் செல்வர்; அங்கே சிறுமை வியப்பூட்டக்கூடும் என்பதை நினையார். இரண்டாவது, மருட்கைக்கு அவர் தந்த அடைமொழி. அறிவு முற்றும் நிரம்பாத நிலையில் தோன்றுவது மருட்கை என்பது அவ்வடையின் கருத்து. வியப்பை அவர் இகழவில்லை. அது நிரம்ப வேண்டிய ஒரு நிலை என்றே குறித்தார். ஆகவே வியந்து நிற்போன் அவ்வியப்பிலிருந்து எங்கே செல்கின்றான் என்னும் வினா எழுகின்றது. பெரும்பணியைப் பாடிய நம் புலவர்கள் இவ்வினாவிற்கே விடை பகர்ந்துள்ளனர் என்பது எம் துணிபு.

புதுமை தேய்தல்

நான்கனுள் விரைந்து தேய்வது புதுமை. குரோம்பேட்டை மின்வண்டியே இதற்குச் சான்று. புதுமையை மட்டும் நம்பிய காட்சி, பழகியவுடன் காட்சியாகவே இராது. எனினும் புதுமை தேய்ந்தபின்னும் வியப்பு நிலைத்த ஒரு நிகழ்ச்சியை அவ்வூரிலேயே காட்டலாம்.

1949-இல் சி. இராசம் நிறுவிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் 1950-களில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அங்கே பறத்தற் பணியினின்று நீக்கப்பட்ட இரு விமானங்கள் மாணாக்கர் காண்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தன. ஏனைய மாணாக்கர் விடுதிக்குச் சென்றபின்னும் தாம் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருந்ததைத் தம் தன்வரலாறாகிய 'அக்கினிச் சிறகுகள்' என்னும் நூலில் அவர் குறித்துள்ளார். அந்நூலின் தொடக்கத்திலும் இதனை ஒத்த ஒரு காட்சி உண்டு. இராமேசுவரத்தில் தம் தந்தையார் படகு கட்டியபோது, மரங்கள் வடிவுற்றுப் படகாக வளர்வதைச் சிறுவராகிய அவர் உடனிருந்து நோக்கினார்.

அவ்விமானங்கள் புதியனவல்ல, பறக்கவும் மாட்டா. அவற்றை நோக்கியவரை ஈர்த்தது புதுமையன்று. இது எவ்வாறு இயன்றது, எவர் இயற்றினர், எம்மால் இயற்றல் கூடுமோ என்னும் எண்ணமே அவரை அங்கு இருத்தியது எனக் கொள்ளலாம். அது நான்காவதாகிய ஆக்கத்தின்பாற்பட்டது. மரம் படகாவதைக் கண்ட கண்ணே விமானத்தையும் கண்டது. காண்போன் செய்வோனாக மாறும் வாயில் அதுவே. இவ்வாயிலை நம் பேரிலக்கியங்கள் எவ்வாறு திறந்து வைத்தன என்பதை இனி நோக்குவோம்.

எறிவோரும் தாங்குவோனும்

பாம்பன் பாலம் மண்டபத்திற்கும் இராமேசுவரத் தீவிற்கும் இடைப்பட்ட கடற்காலின்மேல் அமைந்தது. இலக்கியம் பாடும் சேதுவோ தீவின் கீழ்க்கோடிக்கு அப்பால் இலங்கையை நோக்கிச் செல்வதாகக் கருதப்படுவது. இரண்டும் ஒன்றல்ல; எனினும் கடலைக் கடக்கும் பெரும்பணியை நினைப்பார்க்கு அவ்விடத்தில் முதற்கண் நினைவிற்கு வருவது சேதுபந்தனமே.

வான்மீகியார் இப்பணியை ஐந்து நாட்பணியாகக் கணக்கிட்டுரைக்கின்றார். முதல்நாள் 14 யோசனை, பின்னர் 20, 21, 22, 23 என நாள்தோறும் பணி விரைவுறுகின்றது; கூட்டினால் 100 யோசனை. பயில்வோர் கை பழகப் பழக வேலை மிகும் என்னும் உண்மை இக்கணக்கினுள் அடங்கியிருத்தல் காண்க. அவர் காண்போரையும் மறந்திலர். தேவரும் கந்தருவரும் சித்தரும் முனிவரும் அவ்வற்புதத்தைக் காண விரும்பி வானில் வந்து நின்றனர் என்கின்றார். சாலைப்பாலத்தின்மேல் நின்று கீழே நோக்கும் இன்றைய கூட்டத்திற்கு முன்னோடிகள் அவ்வானவர் எனலாம். அவர்கள் மேலிருந்து கண்டனர். கல் ஒன்றும் எடுத்திலர்.

கம்பர் சேதுபந்தனப் படலத்தில் காட்சியின் பெருமையை எல்லையளவும் விரிக்கின்றார். மலைகள் பெயர்க்கப்படுகின்றன, கடல் கலங்குகின்றது, நீர்வாழ் உயிர்கள் நிலைகெடுகின்றன. இப்பகுதியைக் கற்பனைக் களியாட்டம் எனக் கொண்டு, வேலையின் உண்மை இங்கில்லை எனக் குறை கூறுவாரும் இருக்கலாம். அவர் ஓரிடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வானரங்கள் விரைந்தெடுத்து வீசும் மலையைத் தச்சனாகிய நளன் தன் வித்தைத்திறத்தால் தாங்கிக்கொள்கின்றான். அத்தாங்குதலுக்குக் கம்பர் காட்டும் உவமை, வெண்ணெய்நல்லூர்ச் சடையன் தன்னை அடைக்கலம் என்று வந்தாரைத் தாங்குதல்.

சடையனைப் பாடியது நன்றிக்கடன் எனக் கூறி அமைவாருளர். நன்றிக்கடன் என்பது உண்மையே. ஆயின் அதனை இவ்விடத்தில் ஏன் செலுத்தினார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. சேது கட்டும் காட்சியில் கண்ணைக் கவர்வது எறிதல். பார்ப்போர் அனைவரும் எறியப்படும் மலையையே பார்ப்பர். கம்பர் நம் கண்ணை எறியும் கையினின்று தாங்கும் கைக்குத் திருப்புகின்றார். எறிவோர் பலர், தாங்குவோன் ஒருவன். எறிதலில் ஆற்றல் தோன்றும். தாங்குதலில் பொறுப்புத் தோன்றும். மலைகள் பாலமாவது எறிதலால் அன்று, தாங்கி அடுக்குதலால். பொறியியற் பணியின் சாரமும் இதுவே. தம் வாழ்வைத் தாங்கிய ஒருவரை அப்பொறியாளனுக்கு உவமையாக்கியதன் வாயிலாக, கட்டுதல் என்பது பிறர் சுமையை ஏற்றல் என்னும் கருத்தைக் கம்பர் நிறுவினார். பெருமையைக் காண வந்தவனுக்கு இவ்வோர் உவமையால் அறிவு நிரம்புகின்றது.

வான்மீகத்தின் இறுதிப் பகுதியில் இதற்குத் துணையாகும் ஓரிடம் உண்டு. வானவூர்தியில் மீளும் இராமன் கடல்மேற் கிடக்கும் அணையைச் சீதைக்குக் காட்டுகின்றான். தான் கட்டுவித்தது எனக் கூறும் அவன், அதே உரையில் அதனை நளன் பெயராலேயே குறிக்கின்றான். மேலிருந்து காண்போன் கீழே உழைத்தவன் பெயரைச் சொல்லுதல் காட்சிக்குரிய கடமை எனக் காப்பியம் கருதியது போலும்.

அணிற்பிள்ளையின் இடம்

பெருமைக்கு எதிர்நிலையான சிறுமையை இதே பணியில் கண்டவர் தொண்டரடிப்பொடியாழ்வார். வான்மீகியாரும் கம்பரும் கூறாத அணிலைத் திருமாலையில் அவர் கொண்டு வந்தார். குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டிருக்க, வஞ்சமற்ற அணில் நீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடிச்சென்று கடலை அடைக்க முற்பட்டது. மலை வீழும் இடத்தில் உடம்பில் ஒட்டிய மணலுக்கு என்ன மதிப்பு? அளவை நோக்கின் ஒன்றுமில்லை. ஆயினும் அப்பெருங்காட்சியில் ஆழ்வாரின் கண் நின்ற இடம் அவ்வணிலே. சிறுமையும் மருட்கையின் நிலைக்களன் என்ற தொல்காப்பிய விதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தோன்றவில்லை.

இராமன் அணிலின் முதுகை மூவிரலால் தடவினான், வரிகள் தோன்றின என்பது மக்கள் வழங்கும் கதை. ஆழ்வார் பாடலில் அக்கதைக்கு இடமில்லை. அவர் அணிலுக்குப் பரிசு அளிக்கவில்லை. தம்மை அதனோடு ஒப்பிட்டு, அவ்வணிலளவும் தொண்டு செய்திலேனே, என் நெஞ்சு வலிதாயிற்றே என வருந்துகின்றார். இங்கே காட்சி பாடுவோன் மீதே திரும்பிவிடுகின்றது. பணியைக் காண்போன், காணும்பொழுதே 'என் பங்கு யாது?' என்று வினவப்படுகின்றான். மக்கட்கதை கேட்போனை மகிழ்வித்து அனுப்பும். ஆழ்வார் பாடல் அவனை வினாவோடு நிறுத்தும். இவ்வேறுபாட்டைத் திறனாய்வாளர் கருதுதல் வேண்டும்.

இவ்வினா பழம்பாடலோடு முடிவதன்று. 1914-இல் அமைந்த பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இலைகளாகப் பிரிந்து மேலெழும் அமைப்பினது. அமெரிக்கப் பொறியாளர் செர்சர் பெயரால் வழங்குவது. எஃகினால் ஆகிய அவ்விலைகளை உயர்த்தியது மனிதர் கையால் சுழற்றிய நெம்புகோல். சாலைப்பாலத்தின்மேல் நின்றோர் இலைகள் விரிவதைக் கண்டனர்; சுழற்றிய தோள்களைக் கண்டவர் எத்துணையர்?

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்து மறுநாள் வரை வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணியர் வண்டி கடலுக்கு இரையாயிற்று. பாலத்தின் விட்டங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை அடித்துச் செல்லப்பட்டன. நடுவிலிருந்த தூக்குப்பகுதி நிலைத்து நின்றது. பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பு இளம்பொறியாளராகிய ஈ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலுள் கிடந்த விட்டங்கள் இருந்த இடத்தை மீனவர் அறிந்து கூற, அவை மீட்கப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டன. 46 நாளில் பாலம் உயிர் பெற்றது. அப்பணி ஒரு திருவிழாவன்று. ஊர் அழிந்த துயரத்தினிடையே நடந்தது அது. கொடியும் மேடையும் கொண்டு காண்போர் கூடும் நாள் திறப்பு நாள். பாலத்தைக் காப்பாற்றிய நாட்களோ காட்சியற்ற நாட்கள். விட்டம் கிடந்த இடத்தைக் காட்டிய மீனவரே அப்பணியின் அணிற்பிள்ளைகள் எனின் அது தகும். அவர்தம் பெயரை உலகம் அறியாது.

அரசன் காட்சியும் அடியும்

பெரும்பணியைக் காண்போருள் தலையாயவன் அரசன். அவன் காணும் காட்சிக்கும் ஏனையோர் காணும் காட்சிக்கும் வேறுபாடு உண்டு. அவன் காண்பதே ஓர் ஆணையாகும். இவ்வகைக் காட்சியை நம் இலக்கியம் இரு வேறு முறைகளில் பாடியிருக்கின்றது.

ஒன்று, கரிகாலன் காவிரிக்குக் கரை அமைத்த செய்தி. திருவாலங்காட்டுச் செப்பேடு இதனைச் சோழர் பெருமையுள் ஒன்றாக வைத்தது. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, பணிந்து வந்த மன்னரே கரை செய்தனர் என அதனை மேலும் உயர்த்தியது. இங்கே சுமப்போர் அரசர், காண்போன் பேரரசன். கரையைக் காட்டிலும், கரை சுமக்கும் முடிமன்னரின் தாழ்வே காட்சியாகின்றது. இதே கதையைப் பிற்காலச் சிங்கள வரலாற்று நூலாகிய இராசாவலி எதிர்ப்புறத்திலிருந்து கூறுகின்றது. சோழன் காவிரிப் பணிக்காகப் பன்னீராயிரம் பேரைச் சிறைகொண்டு சென்றான் என்பது அவ்வழக்கு. இவை வரலாற்றுச் சான்றாக எத்துணை வலியுடையன என்பது வேறு ஆராய்ச்சி. ஒரு கரையைக் காண்போன் பெருமிதமாகவும், சுமந்தோன் வழிவந்தோர் இழிவாகவும் நினைவிற் கொள்வர் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

மற்றொன்று, பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடிய மண் சுமந்த படலம். திருவாசகத்திலும் இக்கதையின் குறிப்பு உண்மையால் இதன் தொன்மை விளங்கும். வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. அரசன் ஊரார்க்கெல்லாம் கரையைப் பங்கிட்டான். பிட்டு விற்கும் மூதாட்டியாகிய வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்கு ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டே கூலி எனப் பேசிக்கொண்டான். வேலையோ செய்யவில்லை, ஆடினான், பாடினான், பிட்டைத் தின்று உறங்கினான். ஏனையோர் பங்கெல்லாம் முடிந்தும் வந்தியின் பங்கு அடைபடாது நின்றது. பார்வையிட வந்த பாண்டியன் சினந்து பிரம்பால் அடித்தான். அவ்வடி அடித்த அரசன் முதலாக எல்லா உயிர்மேலும் பட்டது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்து மறைந்தான்.

இப்படலத்தை இறைவன் எளிவந்த தன்மைக்குச் சான்றாகக் காட்டுவர் சமய நூலார். அதனை மறுப்பது எம் கருத்தன்று. பணிக்காட்சி என்னும் நோக்கில் இதனுள் மற்றுமொரு நுட்பம் உளது. கரையின்மேல் நின்ற பாண்டியன் காண்போன். கரையில் நின்ற கூலியாள் காணப்படுவோன். காண்போன் உடம்பில் மண் ஒட்டாது. சுமப்போன் உடம்பில் அடி விழும். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட தூரமே காட்சி என்பதன் அடிப்படை. அடி எல்லார் முதுகிலும் பட்ட அக்கணத்தில் அத்தூரம் அழிந்துபோகின்றது. நின்று பார்த்தவர் எவரும் பார்வையாளராக எஞ்சவில்லை. அரசனும் தன் முதுகைத் தடவிப் பார்க்கும் நிலை எய்தினான். மண் கரையாக மாறியது ஓர் ஆக்கம். காண்போர் அனைவரும் பட்டோராக மாறியது அதனினும் பெரிய ஆக்கம். தொல்காப்பியர் கூறிய நான்காம் நிலைக்களன் இங்கே முழுமை எய்தியது.

மதுரையில் ஆண்டுதோறும் ஆவணித் திங்களில் புட்டுத்தோப்பில் இந்நிகழ்ச்சி விழாவாக நடத்தப்பெறுகின்றது. கரை கட்டிய பணியைக் காட்சியாக்கி, அக்காட்சியைக் காண மக்கள் கூடுகின்றனர். உலகில் அணைகளுக்கும் பாலங்களுக்கும் திறப்பு விழா உண்டு. கூலியாளின் முதுகில் விழுந்த அடியை நினைவு கூர்வதற்கென ஒரு விழாவை ஆண்டுதோறும் எடுக்கும் மதுரையின் மரபு நம் கருத்திற்கு உரியது.

மூழ்கியோர் கண்கொண்டு

இருபதாம் நூற்றாண்டின் புதினங்களும் இம்மரபை விட்டு விலகவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-இல் வெளிவரத் தொடங்கியபோது, அதன் முதற்காட்சி ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரைமேல் அமைந்தது. குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் ஏரியின் பரப்பையும் கரையில் களிக்கும் மக்களையும் காண்கின்றான். கண்டவுடன் அதனை அமைக்க எண்ணிய இளவரசன் இராசாதித்தனை நினைக்கின்றான். காண்போன் ஆக்கியோனை நினைக்கும் மரபு இங்கும் நிற்கின்றது. ஆயினும் நினைக்கப்பட்டவன் இளவரசனே. தோண்டியவர் முகம் அக்கரையில் தெரியவில்லை. கல்கியின் காட்சி இன்பம் பயப்பது. ஆனால் பெருமையின் எல்லையோடு நின்றுவிடுகின்றது என்பது எம் மதிப்பீடு.

இதற்கு மாறாக நிற்பது வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இப்புதினம் வைகை அணையால் நிலம் இழந்த மக்களின் கதை. அவ்வணை 1959-இல் திறக்கப்பட்டது. இன்றளவும் அதனைக் காணச் சுற்றுலா செல்வோர் பலர். கரையின்மேல் நின்று நீர்ப்பரப்பைக் காண்போர்க்கு அது மருட்கை. அந்நீரின் அடியில் தம் வீட்டையும் காட்டையும் வைத்துவிட்டு வந்த பேயத்தேவர் போன்றோர்க்கு அது அழுகை. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்களுள் ஒன்று இழவு. ஒரே நீர் ஒருவன் கண்ணில் பெருமையாகவும் மற்றொருவன் கண்ணில் இழவாகவும் தோன்றுகின்றது. ஆசிரியர் அணையைப் பழிக்கின்றாரோ எனச் சிலர் ஐயுறலாம். அணையால் பயன் இல்லை என்பது அந்நூலின் வழக்கன்று. பயனைக் காண்போன் விலை கொடுத்தவனையும் காண வேண்டும் என்பதே அதன் வழக்கு. மண் சுமந்த படலத்தில் எல்லார் முதுகிலும் பட்ட அடி, இப்புதினத்தில் கற்போர் நெஞ்சில் படுகின்றது. சில இடங்களில் உணர்ச்சி மிகையாலும் சொல்லலங்காரத்தாலும் நடை தளர்கின்றது என்னும் குறையை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் காட்சியின் மறுபக்கத்தைக் காட்டிய வகையில் அது நம் பழைய மரபின் நேர் வழித்தோன்றல் ஆகும்.

பாரதியார் இலங்கைக்குப் பாலம் அமைப்பதையும் சேதுவை வழியாக்குவதையும் பாடியது யாவரும் அறிந்தது. அங்கே வினைகள் தன்மைப் பன்மையில், எதிர்காலத்தில் வருகின்றன என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டுவோம். அப்பாடலில் பார்ப்போன் என ஒருவன் தனித்து இல்லை. பாடுவோன் கேட்போன் எல்லாரும் கட்டுவோரே. ஆழ்வார் தம்மை நோக்கி எழுப்பிய வினாவிற்கு, நாட்டை நோக்கி விடை கூறியவர் பாரதியார் எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? பெரும்பணியைக் காணும் காட்சியில் தமிழ்ப் புலவர்கள் புதுமையோடும் பெருமையோடும் அமையவில்லை. கம்பர் எறிதலினின்று தாங்குதலுக்கும், ஆழ்வார் மலையினின்று மணலுக்கும், பரஞ்சோதியார் கரையின்மேல் நின்றவனிடமிருந்து அடிபட்ட முதுகிற்கும் நம் கண்ணைக் கொண்டு சென்றனர். மருட்கை அறிவு நிரம்பாத நிலை என்றால், அதனை நிரப்பும் அறிவு, சுமப்போரை அறியும் அறிவே என்பது அவர்கள் முடிவு. ஆகவே இப்பகுதிகளை உயர்வு நவிற்சி எனக் குறிப்பெழுதி அமைவது போதாது. உயர்வு எவ்விடத்தில் நின்று எவ்விடத்தில் தாழ்கின்றது என்பதை நோக்கும் கடமை முதுகலை மாணாக்கர்க்கு உண்டு.

பாம்பனில் பழைய பாலத்தின்மேல் 2022 டிசம்பரில் வண்டிகள் நின்றன. 2025 ஏப்பிரல் 6-ஆம் நாள், இராமநவமியன்று, புதிய பாலம் திறக்கப்பெற்றது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரம் நேராக மேலெழுகின்றது. நெம்புகோல் சுழற்றும் தோள்களுக்கு அங்கே வேலையில்லை. மின்பொறி அதனைச் செய்கின்றது. காட்சியின் பெருமை மிகுந்தது. சுமப்போர் கண்ணுக்குத் தெரிவது குறைந்தது. தெரிவது குறையும் காலத்திலேயே அவரை நினைப்பிக்கும் இலக்கியத்தின் தேவை மிகுதியாகும்.

வானூர்தி நிலையத்திலிருந்து குரோம்பேட்டை, தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை மெட்ரோ வழித்தடத்தை நீட்டும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அது செயற்படுங்கால், பெருந்தூண்கள் எழும் சாலையோரத்தில் மக்கள் நின்று காண்பர். 1931-இல் மின்வண்டி புதுமையாக வந்த ஊரில் இதுவும் புதுமையாகவே தோன்றும். சில ஆண்டில் அதுவும் தேயும். அன்று அச்சாலையோரத்தில் நிற்கும் மாணாக்கர், தூணின் உயரத்தை அளந்து வியப்பதோடு நில்லாது, இரவில் விளக்கொளியில் கம்பி வளைப்போன் எவ்வூரான், எம்மொழி பேசுவோன், அவன் கூலி யாது என ஒருமுறையேனும் வினவுவாராயின், மண் சுமந்த படலத்தைக் கற்ற பயன் அவர்க்கு எய்தியது எனக் கொள்வோம்.